மூன்றாண்டுக் கணக்கு

வாணிகத்தின் சரித்திரத்தை நாம் பெரும்பாலும் துறைமுகத்தில் நின்றுகொண்டுதான் படிக்கிறோம். எந்தக் கப்பல் எப்பொழுது புறப்பட்டது, எதை ஏற்றிச் சென்றது, எவ்வளவு ஆதாயத்தோடு திரும்பியது என்பனவற்றைப் பாடப் புத்தகங்கள் தவறாமல் கூறும். கப்பலேறிச் சென்றவனுடைய வீட்டில் அன்று மாலை விளக்கேற்றியவர் யார், அடுத்த ஆண்டுக்கு நெல் வாங்கிப் போட்டவர் யார், பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டபோது வைத்தியரை அழைத்து வந்தவர் யார் என்று அப்புத்தகங்கள் கூறுவதில்லை. ஆயினும், வீடு நடவாமல் கடை நடந்திராது. கடல் கடந்த வாணிகம் ஒன்று நூறாண்டுக்கு மேல் நிலைத்து நின்றதென்றால், அதற்கு ஈடாக நூறாண்டு ஓர் இல்வாழ்க்கை ஆண்கள் இல்லாமலே நடந்திருக்கவேண்டும். செட்டிநாட்டில் அவ்வாறு நடந்த இல்வாழ்க்கையைப் பற்றியே இங்குச் சொல்ல விரும்புகிறேன்.

பிரிவு என்பது தமிழ் இலக்கியத்துக்குப் புதியதன்று. பாலைத் திணை முழுவதும் அதன் பேச்சேயாகும். தொல்காப்பியர் பிரிவுகளை வகுத்ததோடு நில்லாமல், அவற்றுக்குக் கால எல்லையும் கூறியிருக்கிறார். கல்வியின் பொருட்டுப் பிரிவோன் மூன்றாண்டைக் கடத்தலாகாது. வேந்தன் பணி முதலிய மற்றப் பிரிவுகளோ ஓராண்டுக்குள் அடங்கவேண்டும். கடல் வழியாகச் செல்லும் பயணத்தில் மகளிரை உடன் அழைத்துச் செல்லும் வழக்கம் இல்லை என்பதும் அவர் கூறுவதே. செட்டிநாட்டு வணிகர் இந்த இரண்டாம் விதியை ஏறக்குறைய அப்படியே கைக்கொண்டனர். முதல் விதியில் மட்டும் ஒரு மாறுதல் நேர்ந்தது: கல்விக்கு உரிய மூன்றாண்டு அங்கே பொருளுக்கு உரியதாயிற்று. ஒப்பந்தச் சீட்டு எழுதியவர்கள் தொல்காப்பியத்தைப் புரட்டிப் பார்த்து எழுதினார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. தற்செயலாக அமைந்த பொருத்தமே அது. ஆயினும், மூன்றாண்டுக்கு மேற்பட்ட பிரிவை ஓர் இல்லம் தாங்காது என்பதை இலக்கணம் செய்தவரும் அறிந்திருந்தார், ஐந்தொகை போட்டவரும் அறிந்திருந்தார் என்று கொள்வதில் தவறில்லை.

செட்டிநாடு என்பது இன்றைய சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் பரவிக் கிடக்கும் வறண்ட நிலம். வற்றாத ஆறு ஒன்றும் இல்லை. ஊருணிகளும் கண்மாய்களுமே நீர்நிலைகள். இளையாத்தங்குடி, மாத்தூர், பிள்ளையார்பட்டி, வைரவன்பட்டி முதலாக ஒன்பது நகரக் கோயில்களைச் சார்ந்தவர்களாகிய நாட்டுக்கோட்டை நகரத்தார் இங்கே காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், பள்ளத்தூர் போன்ற எழுபதுக்கு மேற்பட்ட ஊர்களில் வாழ்ந்து வருகின்றனர். காவிரிப்பூம்பட்டினத்திலிருந்து வந்து குடியேறியவர்கள் என்பது அவர்கள் வழிவழியாகக் கூறிவரும் வரலாறு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இலங்கைக்கும், பின்னர்ப் பினாங்கு, சிங்கப்பூர், மேடான், சைகோன் ஆகிய இடங்களுக்கும் அவர்கள் சென்றனர். 1852இல் கீழ்ப் பர்மா ஆங்கிலேயர் வசமாயிற்று. 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தது. ஐராவதிக் கழிமுகத்து அரிசிக்கு ஐரோப்பாவில் சந்தை உண்டாயிற்று. காடு திருத்தி நெல் விளைவிக்கப் பர்மியக் குடியானவனுக்குக் கடன் வேண்டியிருந்தது. ஆங்கில வங்கிகள் அவனுக்குக் கடன் கொடுக்கமாட்டா, செட்டியார் கொடுத்தார். 1930இல் வெளியான பர்மா வங்கி விசாரணைக் குழுவின் அறிக்கை, அந்நாட்டில் சுமார் 1,650 செட்டியார் கடைகள் இருந்ததாகவும், அவற்றில் புரண்ட பணம் ஏறத்தாழ 75 கோடி ரூபாய் என்றும் மதிப்பிட்டது.

இவ்வளவு கடைகளையும் முதலாளிகள் நேரில் இருந்து நடத்தவில்லை. முதலாளி பெரும்பாலும் ஊரிலேயே இருப்பார். கடையை நடத்தியவர் அவருடைய ஏஜண்டு. மேலாள் என்றும் சொல்வர். அவருக்கு அடுத்த நிலையில் இருப்பவர் அடுத்தாள். எல்லாருக்கும் கீழே, ஓடியாடி வேலை செய்பவன் பெட்டியடிப் பையன். இவர்கள் யாவரும் பெரும்பாலும் அதே சமூகத்தினர். மூன்றாண்டு ஒரு தவணை. சம்பளத்தில் பெரும்பகுதியைப் புறப்படும் முன்பே மொத்தமாகக் கொடுத்துவிடுவது வழக்கம்; தவணை முடிந்து, கணக்கைப் புதிய ஏஜண்டிடம் ஒப்புவித்துத் திரும்பியபின் ஆதாயத்தில் ஒரு பங்கு கிடைக்கும். சம்பளத்தை ஏன் முன்னதாகக் கொடுத்தார்கள் என்பதை மாணவர்கள் சற்றே எண்ணிப் பார்க்கவேண்டும். சம்பளம் வாங்குபவர் ரங்கூனில் இருப்பார். செலவோ இங்கே இருக்கிறது. அந்தப் பணம் கடைக்காக அன்று, வீட்டுக்காகக் கொடுக்கப்பட்டது.

வெளிநாடு செல்வதை அவர்கள் 'கொண்டுவிக்கப் போதல்' என்றனர். சரக்கைக் கொண்டு சென்று விற்றல் என்பது அதன் பொருள். சரக்கு விற்ற காலம் போய் வட்டித் தொழிலே முழுத் தொழிலான பின்னும் அச்சொல் மாறவில்லை. 'அப்பச்சி எங்கே?' என்று யாரேனும் கேட்டால், 'கொண்டுவிக்கப் போயிருக்கிறார்கள்' என்று குழந்தை விடை சொல்லும். கேட்டவருக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படாது. ஏனெனில் அடுத்த வீட்டிலும் அதே விடைதான்.

இனி, அவர் விட்டுச் சென்ற வீட்டுக்குள் நுழைவோம். செட்டிநாட்டு வீடு ஒரு தெருவில் தொடங்கி மறு தெருவில் முடியும் என்பது வெறும் புகழ்ச்சியன்று. பெரிய வீடுகள் பல அவ்வாறே அமைந்துள்ளன. தெருவைப் பார்த்த முகப்பும் திண்ணையும் ஆண்களுக்கும் வாணிகத்துக்கும் உரியவை. அதைக் கடந்தால் வளவு. நடுவே வானம் பார்த்த முற்றம், சுற்றிலும் தாழ்வாரம், தாழ்வாரத்தை ஒட்டி வரிசையாக அறைகள். மணமான மகன் ஒவ்வொருவனுக்கும் இவ்வறைகளில் உரிமை உண்டு. அதற்குப் பின்னே இரண்டாம் கட்டு, அடுப்படி, தோட்டம். பர்மாத் தேக்கில் தூண்களும், இத்தாலியச் சலவைக் கல்லில் தளமும், பெல்ஜியக் கண்ணாடியும் பதித்த முகப்பையே இன்று பார்வையாளர்கள் புகைப்படம் எடுக்கின்றனர். என்னைக் கேட்டால், அவர்கள் படக் கருவியை அடுப்படியின் பக்கம் திருப்பவேண்டும் என்பேன். நான் சொல்லப்போகும் வரலாறு நிகழ்ந்த இடம் அதுதான்.

மணம் முடிந்து சில காலம் சென்றதும், இளந்தம்பதியரை 'வேறு வைத்தல்' என்று ஒரு முறை உண்டு. வீட்டை விட்டு வெளியே அனுப்புவதன்று அது. அதே கூரையின்கீழ், தனி அடுப்பும் தனிச் செலவும் உள்ள ஒரு குடும்பமாக அவர்களை நிறுத்துவது. ஆண்டுக்கு இவ்வளவு நெல், இவ்வளவு பணம் என்று பொதுவிலிருந்து அவர்களுக்கு அளந்துவிடுவார்கள். அதற்குள் குடித்தனம் செய்துகொள்ள வேண்டியது மருமகளின் பொறுப்பு. அன்று முதல் ஊர்க் கணக்கிலும் கோயில் வரியிலும் அத்தம்பதியர் தனியொரு 'புள்ளி'யாவர். நான்கு மகன்கள் மணமானவர்களாயின் ஒரே வீட்டில் நான்கைந்து அடுப்புகள் எரியும்.

வெளியிலிருந்து பார்ப்போர்க்கு இது விந்தையாகத் தோன்றும். கூட்டுக் குடும்பத்தைப் போற்றும் நாட்டில், ஒரே வீட்டில் மாமியார் ஓர் அடுப்பிலும் மருமகள் மற்றோர் அடுப்பிலும் சமைப்பதா என்று முகம் சுளித்தவர்களும் உண்டு. ஆனால் அவ்வீட்டின் ஆண்களில் ஒருவர் ரங்கூனில், ஒருவர் ஈப்போவில், ஒருவர் கொழும்புச் செட்டியார் தெருவில் இருக்கும்போது என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். எவன் அதிகம் சம்பாதித்தான், எவன் மனைவி அதிகம் செலவழித்தாள் என்னும் வழக்கு எழுந்தால் தீர்த்துவைக்க ஆள் இல்லை. தனி அடுப்பு அந்த வழக்கு எழாமல் தடுத்தது. அதே சமயம், இரவில் தனியே கிடக்கவேண்டிய அவசியமும் எவளுக்கும் இல்லை. கதவைத் திறந்தால் வளவில் ஓரகத்தி இருப்பாள். அடுத்த அறையில் மாமியார் இருப்பார். தனித்திருக்கவும் செய்யலாம், தனிமையில் வாடாமலும் இருக்கலாம். கணவனைப் பிரிந்த பெண்கள் பலர் ஒருங்கே வாழ்வதற்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாட்டை நான் எந்த நாட்டுச் சரித்திரத்திலும் படித்ததில்லை.

அன்றாட வேலைகளுக்குக் குறைவே இல்லை. குடிநீர் ஊருணியிலிருந்து வரவேண்டும். மழை பெய்தால் நான்கு தாழ்வாரத்து நீரும் முற்றத்தில் வந்து விழும். அந்த நீரை அண்டாக்களிலும் குடங்களிலும் பிடித்துச் சேமிப்பார்கள். பஞ்ச பூமியில் பிறந்தவர்களுக்கு அந்தச் சிக்கனம் இயல்பானது. வேனிற்காலம் வந்துவிட்டால் முற்றம் முழுவதும் வற்றலும் வடகமும் அப்பளமும் காயும். மிளகாய், மல்லி, புளி ஆகியவை ஓர் ஆண்டுக்கென வாங்கிக் காயவைத்துப் பானைகளில் அடைக்கப்படும். கடல் கடந்து போகிறவருக்குக் கொடுத்தனுப்பும் ஊறுகாயும் பொடியும் பலகாரமும் இதே முற்றத்தில்தான் உருவாயின. ஓய்ந்த நேரத்தில் பனையோலைக்குச் சாயம் ஏற்றிக் கொட்டான் முடைவார்கள். செல்வர் வீட்டுப் பெண்களும் கை சும்மா இருப்பதை விரும்பமாட்டார்கள் என்பதையும், கூடை முடைவதில் அவர்களுக்கிருந்த திறமையையும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய ஆங்கிலேய ஆசிரியர் தர்ஸ்டன் குறித்திருக்கிறார். செட்டிநாட்டுக் கொட்டான் இப்பொழுது புவிசார் குறியீடும் பெற்றிருக்கிறது.

வேலையைவிட நான் முக்கியமாகக் கருதுவது கணக்கு. மணத்தின்போது பெண்ணுக்குக் கொடுக்கும் சாமான்களை ஒன்றுவிடாமல் பட்டியலிட்டு எழுதுவது அவர்கள் மரபு. வெள்ளிக் குத்துவிளக்கு முதல் ஊசி வரையில் அதில் இடம்பெறும். சீதனமாக வந்த ரொக்கமோ பெட்டியில் உறங்குவதில்லை. ஏதேனும் ஒரு கடையில் அவள் பெயரில் வரவு வைக்கப்பட்டு வட்டியில் வளரும். அந்த வட்டி விகிதமும் வாய்க்கு வந்தபடி அமைவதன்று. ரங்கூன் மொகல் தெருவில் இருந்த கோயிலில் மாதந்தோறும் செட்டியார்கள் கூடி 'நடப்பு வட்டி' இவ்வளவு என்று தீர்மானிப்பார்கள். ஆகவே, ரங்கூனில் ஒரு மாலை முடிவான விகிதம், கானாடுகாத்தானில் ஓர் ஆச்சியின் கணக்கைக் கூட்டவோ குறைக்கவோ செய்தது. கப்பலையே காணாத பெண் கடல் கடந்த வாணிகத்தில் பங்குதாரராய் இருந்தாள். எழுதப் படிக்க அறியாத பெண்கள்கூட வட்டிக்கு வட்டி வாய்க்கணக்காய்ச் சொல்வதை அப்பகுதியில் இருந்தவர்கள் அறிவார்கள். கணக்குப் பாடத்தில் இடர்ப்படும் மாணவர்கள் இதைக் கேட்டு வெட்கப்படவேண்டியதில்லை. கணக்கு எப்பொழுது எளிதாகிறதென்றால், அது தன்னுடைய கணக்காக இருக்கும்போதுதான்.

கடிதப் போக்குவரத்து வேறொரு கதை. கடைக் கடிதம் முதலாளி வீட்டுக்கு வரும். அதனோடு குடும்பக் கடிதமும் வரும். தலைப்பில் பிள்ளையார் சுழி, தமிழ் வருஷம், மாதம், தேதி. பிறகு எல்லாருடைய நலமும் விசாரித்தல். பிறகு பணம் அனுப்பிய விவரம். பிறகு இன்னாருக்கு இன்னது சொல்க என்னும் கட்டளைகள். மனைவிக்குப் படிக்கத் தெரியாதாயின் வீட்டுக் கணக்கப்பிள்ளையோ, பள்ளிக்கூடம் போகும் சிறுவனோ உரக்கப் படிப்பான். மாமியார், ஓரகத்தியர், வேலைக்காரர் அனைவரும் கேட்டிருக்க, கணவன் மனைவிக்கு எழுதும் கடிதம் வாசிக்கப்படும். அப்படிப்பட்ட கடிதத்தில் எதை எழுதமுடியும்? 'உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்' என்ற ஒரு வரிக்குள் எழுதியவர் எவ்வளவு அடக்கினாரோ, கேட்டவள் எவ்வளவு பிரித்தெடுத்தாளோ, அதைச் சரித்திர ஆசிரியன் அளக்கமுடியாது. பதில் எழுதுவதும் அப்படியே. அவள் சொல்லச் சொல்லப் பிறர் எழுதவேண்டும். பெண் கல்வியின் தேவையைப் பற்றி மேடையில் எத்தனையோ காரணங்களைச் சொல்கிறோம். தன் கடிதத்தைத் தானே எழுதவேண்டும் என்ற ஒரு காரணம் இவ்வில்லங்களுக்குப் போதுமானதாயிருந்தது. காரைக்குடியில் சொ. முருகப்பா 1920இல் தொடங்கிய 'தன வைசிய ஊழியன்' போன்ற பத்திரிகைகள் சமூகச் சீர்திருத்தத்தை வற்புறுத்தத் தொடங்கியபோது, கேட்பதற்குத் தயாராயிருந்த வீடுகள் பல இருந்ததில் வியப்பில்லை.

பிரிந்தது கணவன் மட்டுமே என்று நினைத்துவிடக் கூடாது. பத்துப் பன்னிரண்டு வயதாகும்போதே பையன் தொழிற்பயிற்சி தொடங்கிவிடுவான். எண்சுவடி அதற்கு முன்பே மனப்பாடம் ஆகியிருக்கும். அந்த எண்சுவடியை இந்தத் தலைமுறை பார்த்திராது. அரை, கால் என்பனவற்றோடு நில்லாமல், இருபதில் ஒரு பங்காகிய மா, எண்பதில் ஒரு பங்காகிய காணி, முந்நூற்றிருபதில் ஒரு பங்காகிய முந்திரி வரையில் பெருக்கல் வாய்பாடு உண்டு. முந்திரியை முந்திரியால் பெருக்கவும் பிள்ளை கற்றாக வேண்டும். காகிதமும் எழுதுகோலும் இன்றி அதைச் சொல்லிய சிறுவர்களை ஆசிரியர் என்ற முறையில் எண்ணி வியக்கிறேன். அதைக் கற்பிக்கக் கையாண்ட பிரம்பை எண்ணி வருந்தவும் செய்கிறேன். பயிற்சி முடிந்ததும், மீசை அரும்பாத வயதில், அவன் பெட்டியடிப் பையனாகக் கப்பலேறுவான். அவனுடைய தாய், கணவனை எதிர்பார்த்து மூன்றாண்டும், மகனை எதிர்பார்த்து மூன்றாண்டும் கணக்கிடுவாள். இரண்டு தவணைகளும் ஒரே நாளில் முடிவதில்லை. மேடானில் வட்டிக்கடை வேலைக்குச் சென்ற ப. சிங்காரம் பிற்காலத்தில் எழுதிய 'கடலுக்கு அப்பால்', 'புயலிலே ஒரு தோணி' என்னும் நாவல்களைக் கல்லூரி மாணவர்கள் படிப்பார்களானால், கடல் கடந்த இளைஞர்களின் உலகத்தை மறுகரையிலிருந்து காண்பார்கள்.

தவணை முடிந்து வந்தவர் வீட்டில் இருந்த இடைக்காலம் சிலருக்கு ஆறு மாதம், சிலருக்கு ஓராண்டு, இரண்டாண்டு. அக்காலம் முழுவதும் ஓய்வு என்று கருதவேண்டா. வீடு கட்டுதல், கோயில் திருப்பணி, மகளுக்கு வரன் பார்த்தல், பாகப் பிரிவினை, வழக்கு ஆகிய யாவும் அவர் வருகைக்காகக் காத்திருக்கும். மூன்றாண்டுக் காரியங்களைச் சில மாதங்களில் முடிக்கவேண்டும். அவர் கொண்டுவந்த பர்மா அரக்குப் பெட்டிகளும் மங்குச் சாமான்களும் அலமாரியில் ஏறும். அவர் பிரிந்தபோது வயிற்றில் இருந்த குழந்தை இப்போது தூணுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, யார் இந்தப் புதிய மனிதர் என்று எட்டிப் பார்க்கும். அவர் இல்லாத மூன்றாண்டில் வீட்டின் நடைமுறை ஒன்று அமைந்துவிட்டது. எவ்வளவு நெல், எவ்வளவு எண்ணெய், எந்த நேரத்தில் உணவு என்பன முடிவாகிவிட்டன. வந்தவரோ ஒரு கடையையே ஆண்டு பழகியவர். வீட்டில் அவர் ஆணைக்கு எவ்வளவு இடம் கொடுப்பது என்பதை ஒவ்வொரு முறையும் புதிதாகத் தீர்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. அது தீர்ந்து, குழந்தையும் பழகிவரும் வேளையில் அடுத்த தவணைக்கு அழைப்பு வந்துவிடும்.

ஊரும் அக்கரையும் ஒன்றுபடும் நாளும் இருந்தது. கார்த்திகைத் தீபத்திலிருந்து இருபத்தோராம் நாள் வருவது பிள்ளையார் நோன்பு. இருபத்தோரு நூலிழையைத் திரியாக்கி, இனித்த மாவில் வைத்து ஏற்றி, சுடரோடு வாயில் இட்டுக்கொள்வார்கள். இழை எடுத்துக்கொள்ளுதல் என்பது அதன் பெயர். வளவில் பெண்களும் பிள்ளைகளும் இழை எடுத்துக்கொள்ளும் அதே நாளில், சிங்கப்பூரிலும் பினாங்கிலும் ஆண்கள் ஒன்றுகூடி இழை எடுத்துக்கொண்டார்கள். கடிதம் போய்ச் சேரப் பல நாள் ஆகலாம். நோன்பு மட்டும் ஒரே நாளில் நடந்தது.

ஆனால் எல்லாத் தவணைகளும் முடிவு வரை செல்லவில்லை. காலரா, மலேரியா, கப்பல் நோய் ஆகியவற்றால் இறந்தவர் பலர். வீட்டுக்குத் தந்தி வந்தால் பிரித்துப் படிக்கும் முன்பே அழுகை தொடங்கிவிடும். இருபது வயது நிரம்பாத பெண்ணொருத்தி, சேர்ந்து வாழ்ந்த நாட்களை மாதக் கணக்கில் எண்ணக்கூடியவள், அன்று முதல் வெள்ளைச் சேலை உடுத்து அதே வளவில் ஓர் அறைக்குள் ஒடுங்குவாள். புள்ளி அற்றுப்போகாமல் காக்க அவளுக்கு ஒரு பிள்ளையைச் சுவீகாரம் செய்துவைப்பார்கள்; 'பிள்ளை கூட்டுதல்' என்பது அவர்கள் வழக்கு. அதனால் சொத்து காப்பாற்றப்பட்டது. அவளுடைய வாழ்க்கை காப்பாற்றப்பட்டதா என்று கேட்டவர்கள் சிலரே. அவர்களில் முருகப்பாவும் அவருடைய மனைவி மரகதவல்லியாரும் முக்கியமானவர்கள். கைம்பெண் மணத்தைப் பேச்சில் மட்டும் ஆதரிக்காமல் செய்தே காட்டிய தம்பதியர் அவர்கள். 1930களில் மரகதவல்லியார் 'மாதர் மறுமணம்' என்னும் பெயரிலேயே காரைக்குடியிலிருந்து ஒரு பத்திரிகை நடத்தினார். கடல் கடந்த வாணிகம் மிகப் பல இளங்கைம்பெண்களை உண்டாக்கிய ஊரில்தான் அந்தக் குரல் எழுந்தது என்பதைச் சரித்திர மாணவர்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

இந்த வீடுகளைப் பற்றி இரக்கத்தோடு மட்டும் பேசிவிட்டால் அது பாதி உண்மையாகும். முற்றத்தில் காய்ந்த நெல் எந்தப் பணத்தில் வாங்கியது? 1930ஐ ஒட்டி உலகமெங்கும் விலைகள் வீழ்ந்தபோது பர்மிய நெல்லின் விலையும் வீழ்ந்தது. குடியானவனால் கடனைத் திருப்ப முடியவில்லை. ஈடாக வைத்த நிலம் கடைக்காரர் கைக்கு வந்தது. கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்கள் பதின்மூன்றில், 1930இல் சுமார் நூற்றுக்கு 6 பங்கு விளைநிலமே செட்டியார்களிடம் இருந்தது. 1937-38இல் அது 25 பங்காயிற்று. பெரும்பாலோர் நிலத்தை விரும்பி வாங்கவில்லை, பணத்தையே விரும்பினார்கள் என்பது மெய். நிலத்தை இழந்தவனுக்கு அந்த வேறுபாடு விளங்கியிராது. அங்கேயும் ஒரு வீடு இருந்தது; அங்கேயும் ஓர் அடுப்பு இருந்தது. அதன் வரலாற்றைப் பர்மிய ஆசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். இரண்டையும் சேர்த்துப் படிப்பதே நேர்மை.

1941ஆம் ஆண்டு டிசம்பர் 23ஆம் நாள் ஜப்பானிய விமானங்கள் ரங்கூனில் குண்டு வீசின. 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூரும், மார்ச்சு 8இல் ரங்கூனும் வீழ்ந்தன. கப்பலில் இடம் கிடைத்தவர்கள் கப்பலிலும், கிடைக்காதவர்கள் அரக்கான் வழியாகவும் மணிப்பூர் வழியாகவும் கால்நடையாகவும் புறப்பட்டனர். பர்மாவை விட்டு வெளியேறிய இந்தியர் ஏறக்குறைய 5 லட்சம் பேர் என்று மதிப்பிடுகிறார்கள். வழியில் மாண்டவர் பல்லாயிரவர். நகரத்தாரல்லாத வெ. சாமிநாத சர்மாவும் அவ்வாறு நடந்து வந்தவரே. 'எனது பர்மா வழிநடைப் பயணம்' என்ற அவருடைய நூல் அதைக் கண்ணெதிரே நிறுத்தும்.

மூன்றாண்டுக் கணக்கு அன்றோடு உடைந்தது. அதற்கு முன் பிரிவு எவ்வளவு நீண்டதாயினும் அதற்கு ஒரு தேதி இருந்தது. நாட்காட்டியில் விரல் வைத்துக் காட்டலாம். மலேயாவிலும் சிங்கப்பூரிலும் சிக்கிக்கொண்டவர்களைப் பற்றி 1942 தொடக்கம் 1945 செப்டம்பர் வரை முறையான தபால் இல்லை, பணமும் இல்லை. கணவன் உயிரோடு இருக்கிறானா என்று அறியாத பெண் தாலியோடு இருப்பதா, விரதம் இருப்பதா, பிள்ளையின் காதுகுத்துக்கு நாள் பார்ப்பதா, வேண்டாவா என்று எந்த முறையும் அவளுக்குச் சொல்லவில்லை. அந்த மூன்றரை ஆண்டில் வீட்டைக் காத்தது முகப்புத் தேக்கன்று. அவளுடைய சீதனக் கணக்கும், நகைப் பெட்டியும், பண்டங்களை அளந்து செலவழிக்கக் கற்ற கையுமே. வைரத் தோடுகள் ஒவ்வொன்றாக விற்பனையாயின. பத்துப் பேருக்குச் சமைத்த அடுப்பில் கஞ்சி காய்ச்சினார்கள்.

போர் முடிந்தபின் மலேயாவுக்கும் இலங்கைக்கும் போக்குவரத்து மீண்டது. பர்மா மீளவில்லை. 1948இல் விடுதலை பெற்ற அந்நாடு நிலவுடைமையைத் தேசியமயமாக்கும் சட்டத்தை அதே ஆண்டில் இயற்றிற்று. 1963இல் வங்கிகளும் அரசுடைமையாயின. கோடிக் கணக்கில் எழுதிய பற்றுவரவு ஏடுகள் வெறும் காகிதங்களாக ஊர் வந்து சேர்ந்தன. இதற்குள் மற்ற நாடுகளுக்குச் சென்றவர்களும் மனைவி மக்களை உடன் அழைத்துச் செல்லத் தொடங்கிவிட்டார்கள். காரைக்குடியில் 1947இல் அழகப்பா கல்லூரி தோன்றியது. பள்ளத்தூரில் பின்னர்ச் சீதாலட்சுமி ஆச்சி மகளிர் கல்லூரி எழுந்தது. கடிதத்தைப் பிறர் படிக்கக் கேட்ட பெண்ணின் பேத்தி அங்கே பட்டம் பெற்றாள். வாழ முடியாமல் பிரித்து விற்ற வீடுகளின் தூண்களும் கதவுகளும் மங்குச் சாமான்களும் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளில் குவிந்தன. இன்றும் அங்கே காணலாம்.

பூட்டிக் கிடக்கும் வீடுகள் ஆண்டில் சில நாட்கள் திறக்கின்றன. முன்னோருக்குப் படைப்பு இடும் நாள் அவற்றுள் ஒன்று. சென்னையிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் பங்காளிகள் வந்து சேர்கிறார்கள். பேழையைத் திறந்து புதுப்புடவையும் வேட்டியும் வைத்து வணங்குகிறார்கள். அவ்வாறு வணங்கப்படும் முன்னோரில் பெண்களும் உண்டு. வளவு அறைகள் இன்னும் புள்ளி வாரியாகப் பிரிந்தே இருக்கின்றன; இது இன்னாருடைய அறை, அது இன்னாருடையது என்று திறவுகோல்கள் தனித்தனி. ஆனால் அன்று மட்டும் சமையல் ஒரே அடுப்பில்.